தினம் ஒரு கேள்வி: நிறுத்தணுமா, வேண்டாமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. நம்ம ஆலய வாட்சாப் குரூப்பில் தினமும் ராத்திரி 8 மணிக்குப் போடுற 'தினம் ஒரு கேள்வி'யை நிறுத்திடலாம்னு போன வாரக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அங்கே நாங்கள் அதிகம் வாய் திறக்கலை. கூட்டத்தில் எழுந்து நின்னு பேசுற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. மடப்பள்ளியில் அண்டா தூக்கச் சொன்னா தூக்குவோம், அவ்வளவுதான். அதனால எழுத்தில் சொல்றோம். நிறுத்தக் கூடாது. ஆனா இப்ப நடக்குற மாதிரியும் நடத்தக் கூடாது.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஆரம்பக் கதையைச் சொல்லிடறோம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு. கோயில் கதவைச் சாத்திட்டாங்க. ஐயர் மட்டும் உள்ளே போய் பூஜை பண்ணிட்டு வருவார். பங்குனி உத்திரம் இல்லை, சித்திரை வருஷப்பிறப்பு இல்லை. குரூப்பில் பார்த்தா வெறும் பயமுறுத்துற செய்திதான், யாருக்கு என்ன ஆச்சுன்னு. அப்பதான் தொண்டர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கேள்வி போடலாம்னு முடிவு பண்ணோம். முதல் கேள்வி இப்பவும் ஞாபகம் இருக்கு: 63 நாயன்மார்களில் பெண்கள் எத்தனை பேர்? காரைக்கால் அம்மையார் பேரை எல்லாரும் சொல்லிட்டாங்க. மங்கையர்க்கரசியார் பேர் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தது. சுந்தரரைப் பெத்த இசைஞானியார் பேரைச் சொன்னது லூனாஸ் பக்கம் இருக்கிற ஒரு பாட்டி. அவங்க டைப் பண்ணத் தெரியாம பேத்தியை விட்டு வாய்ஸ் அனுப்பினாங்க. அன்னைக்கு ராத்திரி குரூப் முழுக்க அந்தப் பாட்டிக்கு வாழ்த்துதான். வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு அப்ப இருந்தவங்களுக்குத் தெரியும்.

அப்புறம் கேள்வி கொஞ்சம் கொஞ்சமா கோயிலை விட்டு வெளியே வந்துச்சு. ஜெராய் மலை எத்தனை மீட்டர் உயரம்? (1,217.) அலோர்ஸ்டாரிலிருந்து குரூண் வரைக்கும் 1885ல் கால்வாய் வெட்ட ஆரம்பிச்ச மந்திரி யார்? (வான் முகமட் சமான். அந்தத் தண்ணிதான் வயல்காட்டுக்குப் போச்சு.) துங்கு அப்துல் ரஹ்மான் எந்த ஊரில் பிறந்தார்? சின்னப் பிள்ளைங்க இதுக்கெல்லாம் பதில் போட ஆரம்பிச்சாங்க. ஸ்கூல் பாடமும் அதுக்குள்ள வந்துட்டதால அம்மா அப்பாவுக்கும் சந்தோஷம்.

கூட்டத்தில் முதல் ஆட்சேபம் அதுதான். கோயில் குரூப்பில் கோயில் விஷயம் மட்டும் இருக்கணும், கால்வாயும் மலையும் எதுக்குன்னு ஒரு அண்ணன் கேட்டார். மரியாதையோட அவருக்குப் பதில் சொல்றோம். அண்ணே, சமயக் கேள்வின்னா சண்டை வராதுன்னு நினைக்காதீங்க. பாடல் பெற்ற தலங்கள் எத்தனைன்னு ஒரு நாள் கேட்டோம். பாதிப் பேர் 274ன்னாங்க, மீதிப் பேர் 276ன்னாங்க. ராத்திரி 11 மணி வரைக்கும் தகராறு. ரெண்டு பக்கமும் சரிதான்னு அப்புறம்தான் எங்களுக்கே விளங்குச்சு. பழைய கணக்கு 274. அதுக்கப்புறம் திருவிடைவாய் பதிகத்தை அந்தக் கோயில் கல்வெட்டில் கண்டுபிடிச்சுச் சேர்த்தாங்க, கிளியனூரும் சேர்ந்துச்சு. அதனால 276. அந்த ஒரு தகராறில் நாங்கள் கத்துக்கிட்டது பத்து வருஷம் சொற்பொழிவு கேட்டும் கத்துக்காதது. சமயம், பொது அறிவுன்னு நடுவில் சுவர் கட்ட முடியாது அண்ணே. கல்வெட்டு சரித்திரத்தில்தானே சேரும்?

அடுத்தது பரிசு. இதில் தப்பு எங்க மேலதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நல்ல மனுஷன் வாரா வாரம் ஜெயிக்கிறவங்களுக்கு 10 வெள்ளி டாப்அப் தரேன்னு சொன்னார். நாங்களும் சரின்னுட்டோம். அன்னைக்குப் பிடிச்சது சனியன். கேள்வி போட்ட நாலாவது விநாடியில் பதில் வருது. நாலு விநாடியில் கேள்வியைப் படிக்கவே முடியாது. கூகிள்ல வெட்டி ஒட்டுறதுதான். எல்லாரும் ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோட! யார் முதல்ல போட்டதுன்னு விநாடிக் கணக்கு பார்த்து, ஒரு குடும்பமே கோவிச்சுக்கிட்டு குரூப்பை விட்டுப் போச்சு. லூனாஸ் பாட்டி அதுக்கப்புறம் பதிலே அனுப்புறதில்லை. அந்த வேகத்துக்கு அவங்க எங்கே போறது?

இது நம்ம குரூப்பில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. எங்க மகன் ஒரு கதை சொன்னான். 2017ல் அமெரிக்காவில் 'எச்கியூ டிரிவியா'ன்னு ஒரு ஆப் வந்துச்சாம். குறிச்ச நேரத்தில் நேரடியா கேள்வி கேப்பாங்க, கடைசி வரைக்கும் தப்பு பண்ணாதவங்க பணத்தைப் பங்கு போட்டுக்கலாம். உச்சத்தில் ஒரே நேரத்தில் ரெண்டு மில்லியன் பேருக்கு மேல விளையாடினாங்களாம். 2020ல் மூடிட்டாங்க. திரும்பத் திறந்தும் நிலைக்கலை. இன்னொன்னு 'வேர்டல்', 2021ல் வந்தது. நாளைக்கு ஒரே ஒரு சொல், உலகம் பூரா எல்லாருக்கும் அதே சொல்தான், ஒரு காசு பரிசு கிடையாது. அடுத்த வருஷமே நியூயார்க் டைம்ஸ் அதை வாங்குச்சு, இன்னைக்கும் ஓடுது. பணம் கொடுத்தது நின்னு போச்சு, ஒண்ணும் கொடுக்காதது நிக்குது. பரிசு வேண்டாம்னு நாங்கள் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த 10 வெள்ளியை அன்னதானத்துக்குப் போடச் சொல்லி உபயகாரர்கிட்ட கேட்டுட்டோம், அவரும் முகம் சுளிக்காம சரின்னுட்டார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றோம். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தோம்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் போட்ட கேள்வி இது: "பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பஹாட் சிவாலயத்தைக் கட்டிய சோழ மாமன்னன் யார்?" மறுநாள் காலையில் பதிலும் போட்டோம், இராஜேந்திர சோழன்னு. 74 பேர் சரியான பதில் சொல்லியிருந்தாங்க. எல்லாருக்கும் கைதட்டு பொம்மை அனுப்பிட்டு வேலைக்குப் போயிட்டோம்.

மத்தியானம் ரெஸ்ட் நேரத்தில் போனைத் திறந்தா, படிவம் 4 படிக்கிற ஒரு பொண்ணு தனியா மெசேஜ் போட்டிருக்கு. "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. இராஜேந்திர சோழன் கட்டினார்னு எந்தக் கல்வெட்டில் இருக்கு? நான் எங்க சரித்திர ப்ராஜெக்ட்டுக்குத் தேடினேன், கிடைக்கலை."

உண்மையைச் சொல்றோம். முதல்ல கோவம்தான் வந்துச்சு. நேத்துப் பிறந்த பிள்ளை நம்மளைக் கேள்வி கேக்குதேன்னு. அப்புறம் எங்களுக்கு எங்கிருந்து இந்த விஷயம் கிடைச்சதுன்னு யோசிச்சோம். ஒரு பார்வர்ட். அனுப்பினவருக்கும் ஒரு பார்வர்ட். திருநள்ளாறுக்கு மேல சாட்டிலைட் நின்னு போகுதுன்னு ஒரு பார்வர்ட் வருஷா வருஷம் சுத்துமே, அதே வழியில வந்ததுதான் இதுவும்.

அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணு அனுப்பினதையும், மகன் தேடிக் கொடுத்ததையும் உக்காந்து படிச்சோம். எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவங்க நாங்கள், அதனால மெதுவாத்தான் விளங்குச்சு. இராஜேந்திரனோட கடாரப் படையெடுப்பு 1025ஆம் வருஷம். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டில் ஸ்ரீவிஜயத்தில் ஆரம்பிச்சு கடாரம் வரைக்கும் வரிசையா ஊர் பேர் வருது. ராஜாவைப் பிடிச்சதையும், யானைகளையும் பொக்கிஷத்தையும் எடுத்ததையும், மணி பதிச்ச வாசலைக் கொண்டு போனதையும் சொல்லியிருக்கு. கோயில் கட்டினதா சொல்லலை. புக்கிட் பத்து பஹாட்டிலோ, கட்டினவர் பேர் சொல்ற கல்வெட்டே கிடைக்கலை. 1936, 37ல் குவாரிச் வேல்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டிப் பார்த்தார். 1959, 60ல் அலஸ்டர் லேம்ப் அதை எடுத்துக் கட்டினார். கற்பெட்டிகளில் வெச்ச பூமிபூஜைப் பொருள் கிடைச்சுச்சு. மேல கூரை மரத்தில் இருந்திருக்கணும், தூண் நிறுத்தின கல் பாதம் இப்பவும் இருக்கு. இவ்வளவு தெரியுது. கட்டின மகராசன் பேர் மட்டும் தெரியலை.

படிச்சு முடிச்சதும் ஒண்ணு தோணுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம கெடாதானே அந்தக் கடாரம். 'கடாரம் கொண்டான்'னு நாம பேனர் அடிச்சுக் கொண்டாடுறோம். ஆனா அந்தக் கல்வெட்டு சொல்றது நம்ம ஊரை அடிச்ச கதை! அடிச்சவங்களும் நம்ம ஆளுங்க, இப்ப குடியிருக்கிறதும் நாம. அதுக்கு ஒரு தலைமுறை முன்னாடி இதே கடாரத்து ராஜா நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பி, ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம்ங்கிற கிராமத்தையே எழுதிக் கொடுத்திருக்கார். அந்தச் செப்பேடு ஹாலந்துக்குப் போனதால லைடன் செப்பேடுன்னு பேர் வாங்கிடுச்சு. சைவ ராஜா புத்தக் கோயிலுக்கு ஊரையே கொடுக்கிறார், அவர் மகன் கப்பல்ல வந்து அடிக்கிறார். எத்தனை நாள் கேள்வி போடலாம் இதில! நாங்கள் ஒரே வரியில் 'கட்டினார்'னு சொல்லி மூடி வெச்சுட்டோம்.

மறுநாள் குரூப்பில் திருத்தம் போடப் போறோம்னு சொன்னதும் ரெண்டு மூணு பேர் தடுத்தாங்க. விடுங்கண்ணே, நம்ம பெருமையை நாமளே எதுக்குக் குறைச்சுக்கணும், மத்தவங்க சிரிப்பாங்கன்னு. கூட்டத்தில் கேள்வி நிகழ்ச்சியையே நிறுத்தணும்னு பேச்சு வந்ததும் இதனாலதான். நேரா சொல்லலை, அவ்வளவுதான்.

நாங்கள் 28 வருஷமா பேக்டரியில் இருக்கோம். லைன்ல ஒரு ரிஜெக்ட் நம்ம கையால பாஸ் ஆகி லாரி ஏறிடுச்சுன்னு வெச்சுக்குங்க. தெரிஞ்ச நிமிஷமே லாரிக்காரனுக்குப் போன் போடுவோம். வாயை மூடிக்கிட்டு இருந்தா கஸ்டமர் கண்டுபிடிப்பான், அப்புறம் ஒழுங்கா போன சரக்கையும் சந்தேகப்படுவான். அந்தப் பொண்ணு நாளைக்கு யுனிவர்சிட்டிக்குப் போகும். அங்கே யாராவது ஆதாரம் கேட்டா, 'எங்க கோயில் குரூப்பில் சொன்னாங்க'ன்னா சொல்ல முடியும்? ஒரு பொய்யில் அது அடிபட்டா, நாம சொன்ன நாயன்மார் கதையையும் சேர்த்துத்தான் மனசில் ஒதுக்கி வைக்கும். அதனால கேள்வி போட்ட அதே இடத்தில், அதே 8 மணிக்குத் திருத்தம் போட்டோம். 74 பேருக்கும் மார்க்கை வெட்டலை, தப்பு கேள்வியில்தானே. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி நன்றி சொன்னோம். நாலு பேர் குரூப்பை விட்டுப் போனாங்க, உண்மைதான். லூனாஸ் பாட்டி திரும்ப வாய்ஸ் அனுப்பினாங்க: "கட்டுனது யாராயிருந்தா என்னய்யா, உள்ள இருந்தது சிவன்தானே." நாங்கள் ரெண்டு பக்கம் எழுதினதை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிட்டாங்க.

அடுத்த வாரமே இன்னொரு கேள்வி போட்டோம். இதுக்கு 74 பேர் வரலை. "1946, 47ல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை அமைத்தவர் யார்?" நாலாவது விநாடி பதில் வரலை. பத்து நிமிஷம் ஆகியும் வரலை. நாம தினமும் அந்த ரோட்டில்தான் போறோம் வர்றோம். சோழன் படையெடுத்த வருஷம் தெரியுது, நம்ம தாத்தா காலத்தில் நம்ம பீடோங்கில் நடந்தது தெரியலை.

மறுநாள் விடியக்காலை ஒரே ஒரு வாய்ஸ் வந்துச்சு. 80 வயசு தாண்டின ஒரு தாத்தா, தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். "ஏ.எம். சாமி. அப்ப எனக்கு ஏழு வயசு. கள்ளுக்கடைக்குப் போகக் கூடாதுன்னு தொண்டருங்க லயம் லயமா வந்து சொல்லுவாங்க. போலீஸ் வந்த அன்னைக்கு எங்கம்மா கதவை அடைச்சு எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வெச்சிருச்சு." நாலு நிமிஷம் பேசியிருந்தார், நடுவில் இருமல். 1947 ஆரம்பத்தில் பீடோங் பக்கம் கள்ளுக்கடை மறியலில் போலீஸோட மோதல் ஆகி தொழிலாளி உயிர் போனதும், அதைத் தொடர்ந்து கெடா தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவினதும் புத்தகத்தில் இருக்கு. கட்டிலுக்கு அடியில் படுத்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்தக் கூகிளும் அதைத் தராது. நாம கழுத்தில் அட்டை மாட்டிக்கிட்டு 'தொண்டர்'னு நிக்கிறோமே, இதே ஊரில் அந்தச் சொல்லுக்கு அடி வாங்கினவங்க இருந்திருக்காங்க. அந்த வாய்ஸை அழிக்காம எடுத்து வெச்சிருக்கோம்.

இனி மாதிரி கேள்விதான் வரணும்னு நாங்கள் நினைக்கிறோம். தேடினா நாலு விநாடியில் கிடைக்கிறது வாரத்துக்கு ரெண்டு இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு உதவும். மீதி நாளெல்லாம் வீட்டில் ஒரு பெரியவரைக் கேட்டாத்தான் பதில் கிடைக்கிற கேள்வியா இருக்கட்டும். நேரம் 24 மணி நேரம், விநாடிக் கணக்கு வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே எங்கிருந்து எடுத்ததுன்னு ஒரு வரி போடணும். கல்வெட்டுன்னா கல்வெட்டு, புத்தகம்னா புத்தகம், பாட்டி சொன்னதுன்னா பாட்டி சொன்னதுன்னே போடலாம், அதில் என்ன குறை? ஆதாரம் எழுத முடியலைன்னா அந்தக் கேள்வியே வேண்டாம்.

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானே, இவ்வளவு அலட்டணுமான்னு கேப்பீங்க. 2013 டிசம்பரில் செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை, வீடமைப்புக்கு நிலத்தைச் சமன் பண்றப்ப உடைச்சுட்டாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேலானதுன்னு சொல்லப்பட்ட கோயில் அடித்தளம் அது. தனியார் நிலம், பாதுகாக்கப்பட்ட இடமா அறிவிக்கப்படலைன்னு காரணம் சொன்னாங்க. நாங்கள் அன்னைக்கு ரொம்பக் கொதிச்சோம். ஆனா உடையறதுக்கு முந்தின நாள் வரைக்கும் 11ஆம் எண் எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியுமா? மெர்போக் பக்கம் போய் மீன் சாப்பிட்டுட்டு வருவோம், அந்த வழியில் திரும்பினதில்லை. தெரியாத இடத்தை யார் காப்பாத்தறது? நம்ம தோட்டக் கோயில்களும் அப்படித்தானே போச்சு. தோட்டத்தை வித்தாங்க, பால்மரம் போய் செம்பனை வந்துச்சு, செம்பனை போய் தாமான் வந்துச்சு. சாமியை லாரியில ஏத்திக்கிட்டு வந்தோம். பழைய இடம் எதுன்னு காட்ட இன்னைக்கு எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?

கூட்டத்தில் முடிவு எடுக்கிறவங்க எடுக்கட்டும், நிர்வாகத்துக்குக் கட்டுப்படுவோம். அதுவரைக்கும் 8 மணிக்குக் கேள்வி வரும்.

அப்புறம், வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் பூஜாங் மியூசியத்துக்கு ஒரு வேன் போகுது. புக்கிட் பத்து பஹாட் சண்டி அங்கேயே இருக்கு, வேற இடத்தில் இருந்த சிலதையும் கொண்டு வந்து அமைச்சிருக்காங்க. 14 சீட், அதில் 9 ஆள் ஆயிடுச்சு. படிவம் 4 பொண்ணு குடும்பத்தோட வருது, விளக்கம் சொல்றதும் அதுதான், நாங்கள் இல்லை. மதியச் சாப்பாடு நம்ம மடப்பள்ளியிலிருந்து பொட்டலமா கட்டிக்கிறோம். படி ஏற முடியாதவங்க சொல்லிடுங்க, கீழேயே உக்கார இடம் பார்த்து வைக்கிறோம்.

இன்னைக்கு ராத்திரிக் கேள்வியை முன்கூட்டியே போட்டுடறோம், ஏன்னா இதுக்கு நேரம் வேணும்: தோட்டத்தில் இருந்தப்ப நம்ம அம்மன் முதல்ல எந்த மரத்தடியில் இருந்தா? தொண்டர்கள் ஆறு பேரைக் கேட்டதில் வேம்பு, அரசு, புளின்னு மூணு பதில் வந்திருக்கு. எங்களுக்கே எது சரின்னு தெரியலை. பெரியவங்களைக் கேட்டு வாய்ஸ் அனுப்புங்க.